ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று

எங்கள் ஊர்த் துறையில் ஏதாவது ஒரு மோட்டார் மக்கர் பண்ணினால் இப்போது எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "சொய்லாக்கா ஊர்ல இருக்காங்களா?" என்பதுதான். ஊரில் இருந்தால் கவலை இல்லை. வாழைத் தோட்டத்துக்குப் போயிருந்தால் வரும்வரை காத்திருக்கிறார்கள். இதே ஊர்தான் ஒரு காலத்தில் அவள் மோட்டாரைத் தொடவே கூடாது என்று தீர்மானம் போடப் பார்த்தது. அதை எல்லோரும் மறந்துவிட்ட மாதிரி நடிக்கிறார்கள். நான் மறக்கவிடுவதாக இல்லை.

உக்காயாலி ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரான புவேர்த்தோ கனேலாவுக்கு வர ஒரே வழி படகுதான். நீண்ட மரப்படகு, பின்னால் ஒரு சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின், அதிலிருந்து வால் மாதிரி நீளும் கம்பி, கம்பி முனையில் விசிறி. அது போடுகிற சத்தத்தையே பெயராக வைத்து பெக்கே-பெக்கே என்கிறோம். மோட்டார் பக்கம் ஆண் உட்காருவான். பெண் முன்முனையில் உட்கார்ந்து, பலகை இடுக்கில் கசிகிற தண்ணீரைச் சுரைக்குடுவையால் இறைத்து வெளியே கொட்டுவாள். சொய்லா அவானாரி பிறந்த வீட்டிலும் இறைத்தாள், ரோஹெரைக் கட்டிக்கொண்டு வந்த பிறகும் இறைத்தாள்.

பெண் கை பட்டால் மோட்டாருக்குச் சலாதேரா பிடிக்கும் என்பார்கள். சலாதேரா என்றால் கெட்ட காலம். பிடித்தால் லேசில் விடாது. வலை இழுக்கலாம், மரம் வெட்டலாம், வாழைத்தார் சுமக்கலாம், அதிலெல்லாம் எந்தக் கெட்ட காலமும் ஒட்டாது. மோட்டாரைச் சேற்றுக் கரையில் தூக்கி ஏற்ற ஆண்களுக்கு மூச்சு முட்டும்போது பெண்கள் ஒரு கை கொடுத்தாலும் ஒட்டாது. குறடு எடுத்தால்தான் ஒட்டும்.

ஒரு மழைக்காலத்தில் சூறைக்காற்று அடித்து ரோஹெரின் படகு கவிழ்ந்தது. படகு மிதந்தது, மோட்டார் ஆற்றின் அடிக்குப் போய்விட்டது. முக்குளித்துத் தேடி எடுப்பதற்குள் துரு ஏறி இறுகிவிட்டது. புக்கால்பா நகரத்தில் மோட்டார்க் கடைக்காரன் பார்த்துவிட்டுத் தூக்கிப்போடச் சொன்னான். ரோஹெர் வாழைத்தார் விற்ற காசையெல்லாம் கொட்டி வேறொன்று வாங்கினான். பழையது, வீட்டை உயரத்தில் தாங்கும் மரக்கால்களுக்கு நடுவே மண்ணில் கிடந்தது. பெட்ரோல் டேங்க் இருந்த இடத்தில் ஒரு கோழி அடைகாக்க உட்கார்ந்தது.

சொய்லாவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷ உழைப்பு கோழிக்கூடாகக் கிடக்கிறதே என்ற வயிற்றெரிச்சல். அறிவுத் தாகம் என்று யாராவது சொன்னால் அவளே சிரிப்பாள். முதலில் வந்தது கோபம்தான்.

கோழியை இடம் மாற்றினாள். ப்ளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலை ஊற்றினாள். தினமும் வேலை முடிந்ததும் கட்டையால் மெல்லத் தட்டிப் பார்த்தாள். வீட்டுக்கு அடியில் நடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு நாள் காலை மோட்டாரின் கனத்த சக்கரம் அசைந்து கொடுத்தது. அன்றைக்கு அவள் மீன் பொரிக்கும்போது பாட்டுப் பாடினாள் என்று ரோஹெர் இன்றும் சொல்வான்.

சக்கரம் சுற்றியதும் ப்ளக் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். உள்ளிருந்து காற்று விரலை முட்டித் தள்ளியது, தள்ளின கையோடு உள்ளே இழுத்தது. இன்னொரு சுற்று சுற்றினாள். தள்ளவே இல்லை. அடுத்த சுற்றில் மறுபடி தள்ளியது. அதற்கடுத்ததில் இல்லை.

மரவள்ளிக் கிழங்கு இடித்து மசாத்தோ என்ற கள்ளைப் புளிக்கவைத்து விற்கிற நீமியா அந்த வழியாக வந்தாள். சொய்லாவின் உயிர்த் தோழி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"என்னடி, கோழிக்கூட்டுக்குள்ள விரல விட்டுக்கிட்டு உக்காந்திருக்க? முட்டை இருக்கான்னு பாக்குறியா?"

"மூச்சு இருக்கான்னு பாக்குறேன்."

"இருக்கா?"

"ஒரு சுத்து இருக்கு. மறு சுத்து இல்ல."

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஒரு நாள் வேலை, மறுநாள் பூரா வலைத்தொட்டில். அதுக்காக அவரக் கழட்டியா பாக்குறேன்?"

சொய்லா கழற்றிப் பார்த்தாள். பாதி மூச்சு எங்கேயோ ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். மேல் மூடியைத் திறந்ததும் இரண்டு வால்வுகள் தெரிந்தன. அவை சரியாக மூடாததால்தான் ஒழுகுகிறது என்று சாம்பலையும் எண்ணெயையும் குழைத்துத் தேய்தேய் என்று தேய்த்தாள். மறுபடி மாட்டி விரலை வைத்தால் ஒரு சுற்று தள்ளியது, மறு சுற்று இல்லை. திரும்பக் கழற்றினாள், திரும்பத் தேய்த்தாள். ஆறு ஏறி வீட்டுப் படிவரை வந்து, இறங்கியும் போனது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வால்வு இரண்டும் கண்ணாடி போல் ஆனதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு மதியம், ரோஹெர் தொட்டிலில் குறட்டை விடும்போது, வீட்டுக்குள் வைத்திருந்த புது மோட்டாரின் ப்ளக்கைக் கழற்றிவிட்டு விரலை வைத்தாள். ஒரு சுற்று தள்ளியது. மறு சுற்று இல்லை.

"அப்போ ரெண்டு மோட்டாரும் கெட்டதா, இல்ல எனக்குத்தான் புத்தி கெட்டதா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"யாருக்குப் புத்தி கெட்டுச்சு?" என்றான் ரோஹெர் கண்ணைத் திறக்காமல்.

"ஒனக்கில்ல, தூங்குய்யா."

அன்றைக்கே பழைய மோட்டாரின் பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு பல்சக்கரங்கள். பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டில் சின்னது ஒன்று, வால்வைத் திறந்து மூடும் தண்டில் பெரியது ஒன்று. அடுப்புக் கரியை எடுத்து இரண்டிலும் ஒரு பல்லுக்கு மை வைத்தாள். சுற்றினாள். சின்னதன் மை இரண்டு முறை மேலே வந்தபோது பெரியதன் மை ஒரு முறை வந்தது. திரும்பத் திரும்பச் சுற்றினாள், அப்படியேதான் வந்தது. ஒழுகவும் இல்லை, ஒன்றும் இல்லை. செய்தவன் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறான்.

அப்புறம் எல்லாம் வரிசையாகப் புரிந்தது. பிஸ்டன் முதலில் இறங்கும்போது ஒரு வால்வு திறந்து பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுகிறது. ஏறும்போது இரண்டு வால்வும் மூடி அதை நசுக்குகிறது. விரலைத் தள்ளியது அதுதான். அப்போது ப்ளக் பொறி தட்ட, தீ பிடித்து, பிஸ்டனைக் கீழே அடிக்கிறது. மறுபடி ஏறும்போது அடுத்த வால்வு திறந்து புகையை வெளியே தள்ளுகிறது. புகைக்கு வேறு வழி இருப்பதால் விரலுக்கு ஒன்றும் தெரிவதில்லை. நாலு நடை, இரண்டு சுற்று. அதில் வேலை செய்வது ஒரே ஒரு நடை.

எதற்கு நசுக்க வேண்டும் என்பது மட்டும் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் பந்துக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். நசுங்கின காற்றுக்குச் சூடு ஏறும், அது தெரியும். மேலும் தெரிந்துகொள்ள ஒரு தகர டப்பாவில் ஒரு கரண்டி பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திப் பார்த்தாள். புஸ்ஸென்று எரிந்து அவள் புருவத்தைக் கொண்டுபோனது. டப்பா இருந்த இடத்தை விட்டு இம்மி நகரவில்லை. ஆனால் அதே பெட்ரோல் அதற்கும் குறைவாக, அடைத்து நசுக்கின இடத்தில் எரிந்தால், வாழைத்தார் ஏற்றின படகையே எதிர்நீரில் தள்ளுகிறது. சூடான காற்று விரியப் பார்க்கிறது, விரிய இடமில்லை, இருக்கிற ஒரே கதவு பிஸ்டன். அவ்வளவுதான் விஷயம்.

"புருவம் எங்க?" என்றான் ரோஹெர் சாப்பாட்டின்போது.

"படிக்கப் போயிருக்கு."

அவன் மேலே கேட்கவில்லை. கேட்காமலே விடுவது அவனிடம் இருந்த நல்ல குணம்.

மிச்ச மூன்று நடைக்கும் இஞ்சினைச் சுற்றவைப்பது அந்தக் கனத்த சக்கரம்தான் என்று கண்டபோது அவளுக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. ஒரு அடியில் கிடைத்ததை வைத்துக்கொண்டு மூன்று நடைக்குக் குடித்தனம் நடத்துகிறதே! இன்னொன்றும் பார்த்தாள். பிஸ்டனைத் தாங்கும் ராடின் காலில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு துண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அது அடியில் கிடக்கும் ஆயிலில் முங்கி, நாலா பக்கமும் வாரி இறைக்கிறது. உள்ளே உரசுகிற எல்லாவற்றுக்கும் எண்ணெய் போடுவது அந்த ஒரு கரண்டிதான். மோட்டாருக்குள் அந்தக் கரண்டி, படகில் நான் என்று சிரித்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் இறைப்பதே வேலை.

அதன்பிறகு ரோஹெரின் மோட்டாரை அவள்தான் பார்த்துக்கொண்டாள். திருட்டுக்குப் பயந்து சாயங்காலம் அதை வீட்டுக்குத் தூக்கி வருவான். அவள் பலகைத் தரையில் வைத்து ப்ளக் துடைப்பாள், ஆயில் பார்ப்பாள், வால்வு இடைவெளி சரி செய்வாள். துறையில் அவள் தொடுவதில்லை. ஊர் பார்க்கும்.

ஊருக்குப் பொதுவாக ஒரு பெரிய படகு உண்டு. பிள்ளைகளை மேல்வகுப்புப் பள்ளிக்கும், நோயாளிகளைச் சுகாதார நிலையத்துக்கும் கொண்டுபோவது அதுதான். அதை ஓட்டியவன் லிசார்தோ, ரோஹெரின் தம்பி. நல்லவன்தான், ஆனால் அந்த மோட்டார் பக்கம் நின்றால் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். ஆறு வற்றிக் கிடந்த ஒரு கோடையில் அந்த மோட்டார் இருமி இருமி நின்றது. லிசார்தோ சாப்பிடப் போயிருந்தான். பிள்ளைகள் வெயிலில் காத்துக் கிடந்தார்கள். சொய்லாவுக்குப் பொறுக்கவில்லை. துறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ப்ளக்கைக் கழற்றி, கரி சுரண்டி, மாட்டிவிட்டாள். மோட்டார் ஒழுங்காகப் பாடிக்கொண்டு போனது.

மறுநாள் நடு ஆற்றில் அதே மோட்டார் கடகடவென்று அரைத்து, இறுகி நின்றது. படகு மணல்திட்டில் ஒதுங்கியது. பிள்ளைகள் சேற்றில் நடந்து, கால் முட்டிவரை கறுப்பாக வீடு வந்து சேர்ந்தார்கள். படகை ஆண்கள் இழுத்து வந்து துறையில் விட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் சலாதேரா என்ற சொல் எல்லா வீட்டுப் படியும் ஏறி இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம். பெண்கள் யாரும் துறையில் எந்த மோட்டாரையும் தொடக் கூடாது என்று தீர்மானம் வரப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சொய்லா கணக்குப் போட்டுப் பார்த்தாள். தீர்மானம் நிறைவேறினால் ரோஹெரே வீட்டில் அவளை மோட்டாரைத் தொடவிடத் தயங்குவான். கரி மை வைத்துக் கற்றதெல்லாம் மனசுக்குள்ளேயே மக்கிப்போகும். சாகும்வரை முன்முனையும் சுரைக்குடுவையும்தான்.

தலைவர் அபெலார்தோ தொண்டையைச் செருமினார். "யாரையும் நோகடிக்கிறதுக்கு இல்ல. ஆனா வருஷா வருஷம் கோடையில மோட்டாருங்க சாவுது. போன வருஷம் மூணு வீட்டுல. இந்த வருஷம் ஊரு மோட்டாரே போச்சு."

"தொட்டது யாருன்னு எல்லாரும் பாத்தாங்க," என்றான் லிசார்தோ. "எனக்கு அண்ணி மேல கோபம் இல்ல. ஆனா அது எங்கையில நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு."

அப்போது யாரும் எதிர்பாராமல் ரோஹெர் எழுந்தான். கூட்டத்தில் வாயே திறக்காதவன்.

"என் மோட்டார ரெண்டு கோடையா அவதான் பாக்குறா. நான் ஓட்டுறதோட சரி. சொல்லணும்னு தோணல, அதனால சொல்லல. அது மட்டும் ஏன் இன்னும் சாகல?"

கூட்டம் கசமுசாவென்றது. ஆனால் அந்தக் கேள்வி யாரையும்விடச் சொய்லாவைத்தான் பிடித்து நிறுத்தியது. ஆமாம், ஏன் சாகவில்லை? எல்லோரும் வாங்குவது ஒரே கடை ஆயில், ஓடுவது ஒரே ஆறு. அவள் செய்வதில் வித்தியாசம் என்ன? அவர்கள் ஆயிலைத் துறையில் பார்க்கிறார்கள். நான் வீட்டுத் தரையில் பார்க்கிறேன், துறையில் தொட விடாததால்.

"தலைவரே, அந்த மோட்டாரக் கழட்டிக் கொண்டாந்து இந்த மேசைமேல வைக்கச் சொல்லுங்க," என்றாள். "நான் தொடல. லிசார்தோவே ஆயில் குச்சிய எடுத்துக் காட்டட்டும்."

கொண்டுவந்தார்கள். லிசார்தோ மூடியைத் திருகி, அதோடு சேர்ந்த குச்சியை வெளியே எடுத்தான். நுனியில் மட்டும் பூசினாற்போல் ஆயில். அவன் முகம் சிவந்தது.

"மோட்டாரு நின்ன அன்னைக்குக் காலையில பாத்தேன். வாய் வரைக்கும் இருந்துச்சு. ஒழுகின தடம் எங்கயாவது இருக்கா, பாருங்க. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"நீ பொய் சொல்லல, தம்பி," என்றாள் சொய்லா. "குச்சிதான் பொய் சொல்லியிருக்கு. வா, துறைக்குப் போவோம். எல்லாரும் வாங்க."

கோடையில் ஆறு கீழே போய்விடும். செங்குத்தான சேற்றுக் கரைமேல் படகுகளை மூக்கு ஏறினாற்போல் இழுத்து விட்டிருப்பார்கள். பின்பக்கம் தண்ணீரில் தாழ்ந்து கிடக்கும். மோட்டாரை அதன் இடத்தில் மாட்டச் சொன்னாள். லிசார்தோ மறுபடி குச்சியை எடுத்தான். ஒரு சொட்டுகூட ஊற்றாத அதே ஆயில் குச்சியின் மேல்கோடு வரை ஏறியிருந்தது.

சொய்லா படகுக்குள் கிடந்த சுரைக்குடுவையை எடுத்து, அரைக் குடுவைக்கும் குறைவாகத் தண்ணீர் மொண்டு, சாய்த்துப் பிடித்தாள்.

"பாருங்க. இந்தப் பக்கம் வாய் வரைக்கும் இருக்கு. அந்தப் பக்கம் காய்ஞ்சு கிடக்கு. ஆயில் ஊத்துற வாய் வால் பக்கத்துல இருக்கு, சாஞ்சா எல்லாம் அங்க வந்து நிக்கும். நாம ஃபுல்லுன்னு நெனச்சுக்கிட்டுக் கிளம்புறோம். உள்ள ராடு கால்ல ஒரு கரண்டி இருக்கு, அதுதான் ஆயில வாரி எறைக்கணும். அது நடுவுல இருக்கு. ஆத்துல படகு நேரானதும் இருக்குற கொஞ்ச ஆயிலும் அடியில பரந்து போயிடும், எட்டாம கரண்டி காத்தத்தான் வாருது. தண்ணி ஏறி இருக்கையில படகு நேரா மெதக்கும், குச்சி உண்மையச் சொல்லும். அதான் மழைக்காலத்துல எதுவும் சாகுறதில்ல."

"அப்போ சலாதேரா?" என்றார் அபெலார்தோ.

"சேத்துக்கரை தலைவரே. அவ்வளவுதான்."

"இஞ்சின்ல ஆயில் கொறஞ்சா நிறுத்துற ஒயர் ஒண்ணு இருக்குமே?" என்றது ஒரு குரல்.

"அதத்தான் வாங்கின அன்னைக்கே எல்லாரும் வெட்டி விடுறீங்களே, சாயும்போதெல்லாம் நிக்குதுன்னு. அது நின்னு சொன்னத ஒருத்தரும் கேக்கல."

ஆண்கள் ஒவ்வொருவராக நழுவி அவரவர் படகுக்குப் போனார்கள். மோட்டாரைக் கழற்றிப் பலகைமேல் நேராக வைத்துக் குச்சியை எடுத்துப் பார்த்தார்கள். துறை முழுக்க ஆயில் ஊற்றும் சத்தம். நீமியா இடுப்பில் கைவைத்து நின்று ரசித்தாள்.

"தலைவரே, தீர்மானத்த எழுதிக்கங்க. கையில சுரைக்குடுவை பிடிக்கத் தெரியாத எவனும் இனிமே மோட்டாரத் தொடக்கூடாது."

அபெலார்தோவே சிரித்துவிட்டார். வேறு தீர்மானம் எதுவும் எழுதப்படவில்லை.

சொய்லாவின் நெஞ்சு அன்று நிறைந்திருந்தது. அடக்கமாக இருந்தாள் என்று சொன்னால் பொய். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் கரை ஏறினாள், ஏன் நிமிர்த்தக் கூடாது?

ஊர் மோட்டாரைத் திறந்தபோது ராடு வெந்து தண்டோடு ஒட்டிக் கிடந்தது. புது ராடுக்குப் புக்கால்பா போய்வர நாளாகும், அதுவரை பிள்ளைகள் மேல்வகுப்புப் பள்ளிக்குப் போக முடியாது. சொய்லா வீட்டுக்கு அடியில் போய்க் கோழியை இரண்டாம் முறையாக இடம் மாற்றினாள். தண்ணீரில் முங்கித் துருப்பிடித்ததே தவிர, அந்தப் பழைய மோட்டார் ஆயில் இல்லாமல் ஓடியதில்லை. அதன் ராடு புத்தம் புதிதாக இருந்தது; இரண்டும் ஒரே வகை மோட்டார் என்பதால் அதையே கழற்றி எடுத்தாள். ஊர் மோட்டாரின் தண்டை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்து வழவழப்பாக்கினாள். தேய்ப்பதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. லிசார்தோ பக்கத்தில் உட்கார்ந்து, கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்தான்.

"அண்ணி, இந்த ரெண்டு பல்லுலயும் ஏன் கரி பூசியிருக்கு?"

"ஒண்ணுக்கொண்ணு நேரா மாட்டுறதுக்கு. தப்பினா வால்வு தப்பான நேரத்துல தொறக்கும்."

"ஒரு சுத்துக்கு ஒரு தடவைதான?"

"ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை. ப்ளக் ஓட்டையில விரல வச்சுப் பாரு, தெரியும்."

வைத்துப் பார்த்தான். தள்ளியதும் விரலை எடுத்துவிட்டுச் சிரித்தான். மறுபடி வைத்தான். "இப்ப இல்ல," என்றான். அவள் ஒரு மழைக்காலம் முழுக்கத் தேய்த்துக் கண்டது அவனுக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுவாரம் ஊர்ப்படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தார்கள். கரையில் ஊரே நின்றது. லிசார்தோ வழக்கம்போல் பின்பக்கம் போய், சக்கரத்தில் கயிற்றைச் சுற்றினான். சுற்றிவிட்டு நின்றான். கயிற்று முனையைச் சொய்லாவின் கையில் கொடுத்தான்.

"தொட்டது நீங்கதான அண்ணி. ஓட்டுறதும் நீங்களே ஓட்டுங்க."

அவள் இழுத்தாள். ஒன்றும் இல்லை. கரையில் யாரோ இருமினார்கள். கயிற்றைச் சுற்றி இன்னொரு தரம் இழுத்தாள். மோட்டார் பிடித்துக்கொண்டது. பெக்கே-பெக்கே என்று எல்லோருக்கும் கேட்டது. அவளுக்கு மட்டும் அதற்குள் நாலு நடையும் தனித்தனியாகக் கேட்டன.

வாலைத் தண்ணீரில் இறக்கிவிட்டுத் திரும்பினாள். லிசார்தோ பிள்ளைகளைத் தாண்டி முன்முனைக்குப் போய்க்கொண்டிருந்தான். அங்கே உட்கார்ந்து, சுரைக்குடுவையை எடுத்து, தண்ணீரை இறைக்க ஆரம்பித்தான்.